கோப்பில் இல்லாத பத்து நிமிடம்

எங்கள் மென்பொருளுக்கு இதுவரை வந்த பாராட்டுகளில் பெரியது, அது செய்த பிழைக்காக வந்தது.

வரும் வெள்ளியோடு இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். ஆறு வருடம் ஆயிற்று. இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் மாதிரி உபதேசம் ஆரம்பித்துவிட்டாளே என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் சிரிக்கலாம், சிரியுங்கள். எந்த நிரல் எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் வீட்டு வயரை எலி கடிக்கும் என்பதையெல்லாம் கையேட்டில் எழுதி வைத்துவிட்டேன். இது மட்டும் கையேட்டுக்குள் அடங்கவில்லை.

நான் சேர்ந்து ஒரு வருடம் முடிந்திருந்த சமயம். கொள்ளேகாலத்துக்கும் ஹனூருக்கும் நடுவில் இருந்த ஓர் இளம்புழு வளர்ப்பு மையம் எங்கள் வாடிக்கையாளர். பட்டுப்புழு முட்டைகளைப் பொரிக்கவைத்து, புழுக்கள் இரண்டு முறை தோலுரிக்கும்வரை வளர்த்து, பிறகு விவசாயிகளிடம் கொடுக்கும் இடம். அந்தப் பத்துச் சொச்ச நாட்களும் அறையின் சூடும் ஈரமும் அசையக் கூடாது. ஒரு ஹீட்டர், காற்றை ஈரமாக்க ஒரு கருவி, இரண்டையும் கவனித்துக் குறித்துக்கொள்ள எங்கள் கம்ப்யூட்டர். நிமிடத்துக்கு ஒரு வரி: நேரம், சூடு, ஈரம். திரையிலும் காட்டும், கோப்பிலும் எழுதும். நிரலை எழுதியவள் நான். நான்கே நாளில் முடித்துவிட்டு, "அவ்வளவுதானா? வேற வேலை குடுங்க" என்று மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் செல்வி அக்கா. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டரை எப்படித் தொடங்குவது, எப்படி அணைப்பது என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தாளில் ஐந்து வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டும் வந்தேன். மூன்றாவது வரி: 'ஸ்விட்சை நேரடியாக அணைக்கக் கூடாது. மெனுவுக்குப் போய் ஷட் டவுன் கொடுக்கவும்.'

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் கழித்து மையத்தின் உரிமையாளர் போன் செய்தார். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேசியே தீருவது என்று வைத்திருந்தார்.

"நோடம்மா, பாரு, உங்க கம்ப்யூட்டர் டப்பா சும்மா மினுக்கிக்கிட்டு உக்காந்திருக்குன்னு நெனச்சேன். கரெக்டா பிடிச்சுக் குடுத்துடுச்சு அல்லவா!"

"யாரை சார்?"

"செல்வியை."

நடந்தது இது. அந்தத் தொகுதிப் புழுக்களை வாங்கிப்போன விவசாயிகளில் ஐந்தாறு பேர், புழுக்கள் சீராகத் தோலுரிக்கவில்லை, பாதி தூங்குகிறது பாதி தின்கிறது என்று வந்து நின்றிருக்கிறார்கள். உரிமையாளர் எங்கள் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். புழுக்கள் பொரித்து முதல் மல்பெரித் தழை போட்டது ஆயுத பூஜை அன்று. புழுவுக்குப் பண்டிகை தெரியாது. காலை 10:53-க்குக் கோப்பு தொடங்குகிறது. பிற்பகல் 2:17-க்கு நின்றுவிடுகிறது. அடுத்த கோப்பு 4:05-க்குத்தான் தொடங்குகிறது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.

"எல்லா மெஷினையும் நிறுத்திப் பூஜை பண்ணு, பத்து நிமிஷம் போதும்னு நான்தான் சொன்னேன். பத்து நிமிஷம்தான் நிறுத்தினேன்னு சத்தியம் பண்றா. பத்து நிமிஷமா இது? எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போயிருக்கா. சனிக்கிழமை பதினோரு மணிக்கு விவசாயிகளைக் கூப்பிட்டிருக்கேன். நீ கிராஃப் போட்டு எடுத்துட்டு வாம்மா. எல்லார் முன்னாலயும் காட்டிட்டு அவளை அனுப்பிடறேன்."

ஹீட்டரும் ஈரக் கருவியும் கம்ப்யூட்டரும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இருந்தன என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் நின்ற நேரம் எல்லாம் நின்ற நேரம். பொரித்த அன்றே இரண்டு மணி நேரம் சூடில்லாமல் கிடந்த புழு என்றால் அந்தப் பெண்ணை அந்த வட்டாரத்தில் வேறு எந்தப் புழு அறைக்குள்ளும் யாரும் விடமாட்டார்கள். போவது வேலை மட்டும் இல்லை.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எங்கள் விஜயநகர் ஆபீஸில் எல்லோருக்கும் காபி சொன்னார். "அவர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வா. நம்ம வெப்சைட்ல போடலாம்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை கிராஃப் போட உட்கார்ந்தேன். 2:17-இல் முடிந்த கோப்பின் கடைசி வரியில் கிராஃப் தடுக்கி விழுந்தது. வரி பாதியில் அறுந்திருந்தது. நேரம் இருக்கிறது, சூடு இருக்கிறது, ஈரம் எழுதும் இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த வரியை அழித்துவிட்டு மேலே போயிருக்கலாம். அழிக்கும் விசையில் விரல் வைத்தும் விட்டேன்.

ஒரு நிரல் பாதி வரியை எழுதிவிட்டு நிறுத்துமா? என் நிரல் ஒரு வரியை முழுசாகத்தான் எழுதும், அப்படித்தான் எழுதியிருந்தேன். கோப்பின் அளவைப் பார்த்தேன். 8192 எழுத்து. நமக்கு அது தெருவில் தினமும் பார்க்கிற முகம். இரண்டு முறை 4096.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கோப்பில் எழுது என்று நீங்கள் சொன்னதும் அது உடனே ஹார்ட் டிஸ்க் வட்டில் போய் உட்கார்வதில்லை. நிரல் அதைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கைப்பிடிதான் பஃபர். அங்கே 4096 எழுத்து சேர்ந்ததும் மொத்தமாகக் கொண்டுபோய்ப் போடுகிறது. நிரல் தானாக, ஒழுங்காக முடிந்தால் கையில் மீதி இருப்பதையும் போட்டுவிட்டுத்தான் போகும். வெளியிலிருந்து யாராவது 'முடித்துக்கொள்' என்று சமிக்ஞை அனுப்பினால், அதைக் கேட்க நீங்கள் எதுவும் எழுதி வைக்காவிட்டால், அந்த நொடியே சாகும். கையில் இருந்தது அதோடு போகும். ஷட் டவுன் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிரலுக்கும் அனுப்புவது அந்தச் சமிக்ஞையைத்தான்.

என் வரி ஒன்றுக்கு நாற்பது எழுத்து. 4096 சேர நூறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதாவது எப்போது ஷட் டவுன் கொடுத்தாலும் அதற்கு முந்தைய நூறு நிமிடம் வரைக்கும் காணாமல் போகலாம். அது ஏன் என் கண்ணில் படவில்லை? நான் பார்த்தது திரையை. திரைக்குப் போகும் வரி உடனுக்குடன் போகும். சோதித்து முடித்ததும் என் நிரலின் 'முடி' பொத்தானை அழகாக அழுத்தி மூடினேன். அப்படி மூடினால் எல்லாம் சரியாக எழுதப்படும். சுவரில் ஒட்டிய தாளில் அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊகம் போதாது என்று பழைய கோப்புகளை எடுத்தேன். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அறையைக் கழுவிக் கம்ப்யூட்டரை அணைப்பார்கள். அப்படி ஏழு கோப்புகள். ஏழின் அளவும் 4096-ஆல் மீதமில்லாமல் வகுபட்டது. நானே நேரில் போய்ப் பொத்தானை அழுத்தி மூடிய ஒரே ஒரு கோப்பு மட்டும் வகுபடவில்லை.

மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"சரி, அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடு."

"நாளைக்கு மீட்டிங் சார்."

"கிராஃபைக் குடுத்துட்டு வா. நாம செல்வியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லப்போறதில்லையே. அவங்க பார்த்துக்கிறாங்க."

"கிராஃபே சொல்லுமே சார்."

 அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த ஆறு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் கஷ்டமானது.

"அந்தம்மா நிஜமாவே ரெண்டு மணி நேரம் போயிருந்தா?"

 2:17-க்கும் 4:05-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது, யாருக்கும் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அந்த வரிகள் எழுதப்பட்டிருந்தால் அழிந்தது அழிந்ததுதான். எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நான் செல்வி அக்காவுக்குச் சாட்சி சொல்ல முடியாது. அவருக்கு எதிராகச் சொன்ன சாட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் முடியும்.

"போயிருக்கலாம் சார். ஆனா அது நம்ம கோப்புல இல்ல" என்றேன்.

"போய்ட்டு வா" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. போ என்று சொன்னாரா, தொலை என்று சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ் பிடித்துக் கொள்ளேகாலம், அங்கிருந்து ஹனூர் பஸ். மையத்துக்குப் போனபோது பத்து மணி. அறையில் புழு இல்லை. கழுவிய தட்டுகளை வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார் செல்வி அக்கா.

"வாங்க மேடம். என்னைப் புடிச்சுக் குடுக்க வந்தீங்களாக்கும்?"

"அக்கா, அன்னிக்கு எப்படி அணைச்சீங்க?"

"எப்படி அணைக்கறது? ஸ்விட்சுல கை வெக்காதீங்கன்னு எழுதி ஒட்டிட்டுப் போனீங்கல்ல. மெனுவுக்குப் போயி, ஷட் டவுன் குடுத்து, திரை கருப்பானதுக்கு அப்புறந்தானுங்க ஸ்விட்சை அணைச்சேன். பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, மறுபடி போட்டாச்சு. எல்லாரும் ஸ்விட்சைப் புடுங்குவாங்க, நான் ஒருத்திதான் நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன்."

பிரச்சினையே அதுதான். தட்டுகளை அடுக்க உதவி செய்தேன். இரண்டு தட்டைத் தப்பாக அடுக்கினேன். எடுத்துச் சரியாக வைத்தார்.

பதினொன்றரைக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர், தமிழும் கன்னடமுமாக. பாதிப் பேர் தோளில் பச்சைத் துண்டு. உரிமையாளர் என் பக்கம் கை நீட்டினார். "கிராஃப் எல்லி? எங்கம்மா?"

"போடல சார். நிரல்ல தப்பு இருக்கு. தப்பு என்னோடது."

4096 பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு கோப்பு, மீதமில்லாத வகுத்தல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். எனக்கு எப்போதும் வேகம் அதிகம். அரை நிமிடத்தில் அத்தனை முகங்களும் பூட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

"கணக்கு டீச்சரம்மா" என்றார் பின்னால் ஒருவர். சிரிப்பு.

உரிமையாளர் சிரிக்கவில்லை. "நேத்து வரைக்கும் சரியா இருந்த மெஷின் இன்னிக்குத் தப்பாகிடுச்சா? இவ அழுதாளா உன்கிட்ட?"

வாதம் பலிக்காது என்று தெரிந்தது. நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்கினேன். திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். "பத்து நிமிஷம் இதைப் பாருங்க. வேற ஒன்னும் வேண்டாம்."

நிமிடத்துக்கு ஒரு வரி வந்தது. முதல் இரண்டு வரி வரை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு பேச்சு மழைக்குப் போனது, பட்டுக்கூடு விலைக்குப் போனது. ஒருவர் தன் மூச்சுக்காற்றைச் சென்சார் மேல் ஊதி ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தார், ஏறியது, கை தட்டினார்கள். பத்தாவது வரி வந்ததும் சொன்னேன்: "செல்வி அக்கா, அன்னிக்கு மாதிரியே அணைங்க."

அவர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மெனு, ஷட் டவுன். திரை கருத்தது. மறுபடி தொடங்கச் சொன்னேன். உரிமையாளரையே அழைத்து, அணைப்பதற்கு முன் எழுதிய அந்தப் பத்து நிமிடக் கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

திறந்தார். வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. கீழே அளவு பூஜ்யம்.

மூடிவிட்டு மறுபடி திறந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

மூச்சு ஊதியவர்தான் முதலில் பேசினார். "அப்ப நாம யாருமே இங்க வரலையாட்ட இருக்குது."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஆனால் உரிமையாளர் விடவில்லை, விடாததும் நியாயம்தான். "சரி. உன் டப்பா எழுதல. அதுக்காக இவ இங்கயே இருந்தான்னு ஆயிடுமா? நீ சொல்லு, இருந்தாளா?"

மேனேஜரின் அதே கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வி அக்காவும் பார்த்தார். 'இருந்தார்' என்று சொல்லிவிடலாம். கோப்பு ஒரு பொய் சொன்னது, அதை ஈடுகட்ட நான் ஒரு பொய். அந்த இடத்தில் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"தெரியாது சார். எனக்கும் தெரியாது, கோப்புக்கும் தெரியாது. அன்னிக்கு ரெண்டேகாலுக்கு அப்புறம் அது எதைச் சொன்னாலும் நம்பாதீங்க."

செல்வி அக்காவின் முகம் சுருங்கியது. நான் கை விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பழனிச்சாமி என்று பிறகு தெரிந்தது. "எங்க வீட்டுப் புழு நல்லாத்தானுங்க இருக்குது. ஒரே சீரா தோலுரிச்சு நாலாவது நாளாகுது. அதே ரூமு, அதே நாளு, பக்கத்துத் தட்டு. ரூமு குளுந்து போயிருந்தா என்னுது மட்டும் எப்படிங்க தப்பிக்கும்?"

"அய்யோ, இதை ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார் உரிமையாளர்.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேசறது?"

அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் எனக்கு மறக்காதது இந்த வாக்கியம். என் நிரல் நூறு வரிகளைத் தொலைத்தது பெரிதில்லை. பார்த்தவர் ஒருவரின் வாயையும் அடைத்து வைத்திருந்தது.

அதன் பிறகு இன்னும் இரண்டு பேர், தங்களுடையதும் பரவாயில்லை என்றார்கள். புகார் சொன்னவர்கள் தழையைப் பற்றி, மருந்து தெளித்த தோட்டத்தைப் பற்றித் தங்களுக்குள் வாக்குவாதம் செய்யத் தொடங்கினார்கள். ஐந்தாறு வீட்டுப் புழுவுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. உரிமையாளர் செல்வி அக்காவிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு முட்டை வருது. ரூம் ரெடியா?" என்று கேட்டார். "ரெடிங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

வெப்சைட்டுக்கு இரண்டு வரி கிடைக்கவில்லை. மேனேஜர் இரண்டு வாரம் என்னுடன் வேலை தவிர வேறு பேசவில்லை.

இனி திருத்தம். அடுத்த நாளே, ஞாயிற்றுக்கிழமை, அவசரமாக ஒன்று செய்தேன்: 'முடித்துக்கொள்' சமிக்ஞை வந்ததும் அதே இடத்தில் பஃபரைக் காலி செய்து கோப்பை மூடும்படி எழுதினேன். பத்து முறை ஓட்டினேன். ஒரு முறை நிரல் அப்படியே உறைந்து நின்றது. ஒரு வரியை எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் சமிக்ஞை வந்தால், பாதி திறந்த அலமாரியை இன்னொரு கை வந்து பூட்டப் பார்ப்பது மாதிரி. சமிக்ஞை வந்த இடத்தில் செய்யக்கூடியது 'சமிக்ஞை வந்தது' என்று ஒரே ஒரு கொடியைத் தூக்கி வைப்பது. மூடும் வேலையை நிரல் தன் வழக்கமான சுற்றுக்கு வந்து நிதானமாகச் செய்ய வேண்டும். மூடும்போதும் மூடப்பட்டதா என்று கேட்க வேண்டும். வட்டு நிரம்பியிருந்தால் கடைசி வரி தோற்றுப்போவது அந்த இடத்தில்தான், நீங்கள் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் பஃபரைக் காலி செய்து, வட்டில் போய்ச் சேரும்வரை காத்திருக்கவும் வைத்தேன். முதலிலேயே ஏன் வைக்கவில்லை? வேகம் குறையும் என்று. நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் நிரலுக்கு!

ஆனாலும் மின்சாரம் போகலாம், யாராவது வயரைப் பிடுங்கலாம். எதை எழுதினாலும் எழுத முடியாமல் போகும் ஒரு நொடி உண்டு. அதற்கான யோசனை என்னுடையது இல்லை. புது நிரலைப் போடப் போனபோது செல்வி அக்கா கேட்டார்.

"எழுத முடியலைன்னா, எழுத முடியலைன்னு எழுத வெக்க முடியாதுங்களா?"

"செத்துப்போனது எப்படிக்கா எழுதும்?"

"மறுபடி எந்திரிச்சு வருமில்ல? அப்ப எழுதட்டுமே."

அதைத்தான் நம் எல்லா நிரல்களிலும் இன்று பார்க்கிறீர்கள். ஒழுங்காக மூடப்பட்ட கோப்பின் கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு வரி இருக்கும். நிரல் தொடங்கும்போது முந்தைய கோப்பில் அந்த வரியைத் தேடும். இல்லாவிட்டால் புதுக் கோப்பின் தலையில் எழுதும்: 'முந்தைய பதிவு முழுமையற்றது. அதன் இறுதி நேரத்தை நம்ப வேண்டாம்.' இந்தச் சோதனை தேவையா, எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருவர் நேற்றுக் கேட்டீர்கள். எடுக்காதீர்கள்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை அன்று அவரை போனில் அழைத்தேன். "அக்கா, இந்தத் தடவை பயப்படாம அணைக்கலாம். கடைசி வரி வரைக்கும் இருக்கும். நான் நூறு தடவை சோதிச்சுட்டேன்."

"நம்பறேனுங்க மேடம்."

"அணைச்சாச்சா?"

"ஓடிட்டிருக்கும்போதே பொட்டு வெச்சுட்டேன்" என்றார். பின்னால் ஈரக் கருவி உறுமுவது கேட்டது.